வார்த்தைக்கு ஒரு ரூபாய்: எந்த வார்த்தைக்கு?



மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பதிப்பாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆங்கிலத்தில் வெளிவந்த நபிகளாரின் வரலாற்று நூல் ஒன்றைத் தமிழாக்கித் தருமாறு கேட்டார். இந்த வீட்டில் கணவரும் மனைவியுமாக இருவர் எழுதுகிறோம். எழுத்துக்கூலியே எங்கள் வருவாய். எனவே மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டோம். "வார்த்தைக்கு ஒரு ரூபாய், தம்பி. நமக்குள்ளே இதற்குமேல் என்ன பேச்சு?" என்றார் அவர். தேநீர் ஆறுவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. துஆச் செய்து, ஸலாம் சொல்லிப் பிரிந்தோம்.

ஆங்கில மூலத்தில் ஏறத்தாழ 60,000 வார்த்தைகள் இருந்தன. ஐந்து மாதம் உழைத்து முடித்தபோது தமிழாக்கத்தில் 43,000 வார்த்தைகளே இருந்தன. மொழிபெயர்ப்போர் அனைவரும் அறிந்த செய்திதான் இது. ஆங்கிலத்தில் 'ஃப்ரம் இன்சைட் தி ஹவுஸ்' என நான்கு வார்த்தைகளாக நிற்பது, தமிழில் 'வீட்டினுள்ளிருந்து' என ஒரே வார்த்தையாகிவிடும். வேற்றுமை உருபும் எதிர்மறையும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வது நம் மொழியின் இயல்பு. நாங்கள் மூலத்தின் வார்த்தைகளை எண்ணிக் கணக்கு அனுப்பினோம். பதிப்பாளர் தமிழின் வார்த்தைகளை எண்ணித் தொகையை எடுத்துவைத்திருந்தார். இரண்டுக்கும் இடையில் 17,000 ரூபாய் நின்றது.

அவர் பொய் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த மூன்று மாதங்கள் இரு தரப்பாரும் பேசிக்கொள்ளவில்லை. அவர் எங்களை ஏமாற்றிவிட்டதாக உறவினர்களிடம் நாங்கள் சொன்னோம். நாங்கள் பேராசைக்காரர்கள் என்று அவர் நண்பர்களிடம் சொன்னதாகப் பின்னர் அறிந்தோம். நபிகளாரின் வாழ்க்கையைப் பற்றிய நூலை எழுதி முடித்த கையோடு, புறம் பேசுவதில் இரு தரப்பும் இறங்கியிருந்தோம். பணத்தைவிட இதுவே எங்களை இன்றுவரை உறுத்துகிறது.

வீட்டிலிருந்தே எழுதியும், மொழிபெயர்த்தும், மெய்ப்புத் திருத்தியும் பொருளீட்டுவோர் நம் சமுதாயத்தில் பெருகியிருக்கிறார்கள். பட்டம் பெற்றும் வெளியே வேலைக்குச் செல்ல இயலாத சகோதரிகள், மதரஸாவில் ஓதிவிட்டு அரபியிலிருந்து தமிழுக்கு நூல்களைக் கொண்டுவரும் ஆலிம்கள், நிறுவனங்களின் இணையப் பக்கங்களுக்கு எழுதித்தரும் இளைஞர்கள் எனப் பலரையும் நாம் அறிவோம். இவர்களில் பெரும்பாலோர் எழுதுவதில் தேர்ந்தவர்கள். எழுதும் முன் பேசவேண்டியதைப் பேசுவதில்தான் தடுமாறுகிறார்கள். இதற்கு நாம் நல்ல பெயர்களும் சூட்டிவைத்திருக்கிறோம்: மரியாதை, நம்பிக்கை, 'நம்ம ஆள்தானே' என்ற உரிமை. மார்க்கம் இதைக் கற்பித்ததா என்று நின்று கேட்டுப்பார்க்கும் வேளை வந்துவிட்டது என்பது எங்கள் கருத்து.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று குழந்தைகளிடம் கேட்டுப்பாருங்கள். தொழுகை என்பார்கள், ஹஜ் என்பார்கள். அல்பகறா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் அது. தவணையிட்டுக் கொடுக்கல் வாங்கல் செய்யும்போது அதை எழுதிக்கொள்வதைப் பற்றிப் பேசுகிறது. எழுதுபவர் நீதியோடு எழுதவேண்டும். கடமைப்பட்டவரே வாசகத்தைச் சொல்லவேண்டும். தொகை சிறிதாயினும் பெரிதாயினும் தவணையோடு சேர்த்து எழுதச் சோம்பக்கூடாது. எழுதுபவருக்கும் சாட்சிக்கும் தீங்கிழைக்கக்கூடாது என்றெல்லாம் அது விரிவாக வழிகாட்டுகிறது. கையோடு கை மாறும் வணிகத்திற்கு மட்டும் எழுதாமலிருக்க விலக்களிக்கிறது. ஐந்து மாதம் கழித்துத் தரவேண்டிய நூல் கையோடு கை மாறும் சரக்காகுமா?

இவ்வசனம் முதலில் இறங்கியது எவரிடையே என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும். ஒருவருக்காக ஒருவர் உயிரையும் கொடுக்கத் துணிந்த நபித்தோழர்களிடையே அது இறங்கிற்று. அவர்களுக்கே எழுதிக்கொள்ளுமாறு வழிகாட்டப்பட்டிருக்க, நமக்குள் எழுத்து எதற்கு என்று நாம் கேட்பது விந்தை.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, அங்குள்ளோர் பேரீச்சை விளையும் முன்பே ஓராண்டு, ஈராண்டுகளுக்கு முன்பணம் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவ்வழக்கத்தை நபியவர்கள் அனுமதித்தார்கள். ஆனால் அளவும் எடையும் தவணையும் அறியப்பட்டவையாக இருக்கவேண்டுமென நிபந்தனை விதித்தார்கள் (புகாரி, முஸ்லிம்). உழைப்பைக் கூலிக்கு விடும் இஜாராவிலும், செய்யவேண்டிய வேலையும் கூலியும் இன்னதென அறியப்பட்டிருக்க வேண்டும் என்பது ஃபிக்ஹ் அறிஞர்கள் கூறும் சட்டம். எங்கள் ஒப்பந்தத்தில் கூலி அறியப்பட்டிருந்தது. அதன் அளவுகோல் அறியப்படவில்லை. அளவு தெரியாத மரக்காலைக் கொண்டு நெல் அளக்கப் போனது போலாயிற்று.

இன்னொரு நபிமொழியும் உண்டு. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, உள்ளதைத் தெளிவுபடுத்தினால் அவர்களின் வணிகத்தில் பரக்கத் வழங்கப்படும். மறைத்துப் பொய்யுரைத்தால் அது அழிக்கப்படும் என்ற கருத்தில் ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). உண்மை பேசுவதோடு நபியவர்கள் நிறுத்தவில்லை. தெளிவுபடுத்துவதையும் தனியே சேர்த்துச் சொன்னார்கள். பொய் பேசாதிருந்தும் தெளிவுபடுத்தாமல் பரக்கத்தை இழக்க முடியும் என்பதற்கு எங்கள் வீடே சாட்சி.

சரி, எதைத் தெளிவுபடுத்துவது? மார்க்க நூல் ஒன்றைத் தமிழாக்க ஒப்புக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். மூலத்தில் எத்தனை வார்த்தை, எதை எண்ணிக் கூலி, எந்தத் தேதியில் எவ்வளவு ஒப்படைப்பு, முன்பணம் எவ்வளவு, எத்தனை முறை திருத்தம் என்பன எல்லோருக்கும் தோன்றக்கூடியவை. எவரும் கேட்காமல் விடுகிற கேள்விகள் வேறு. நூலில் வரும் குர்ஆன் வசனங்களுக்கு எந்தத் தமிழ் மொழிபெயர்ப்பைப் பயன்படுத்துவது? நாமே மொழிபெயர்ப்பதா, பதிப்பகம் ஏற்றுக்கொண்ட ஒன்றிலிருந்து எடுப்பதா? எடுத்தால் அனுமதி பெறுவது யார் பொறுப்பு? ஹதீஸ் எண்களை எந்தப் பதிப்பின்படி இடுவது? பதிப்புக்குப் பதிப்பு எண் மாறும் என்பதைப் படிப்போர் அறிவார்கள். 'அல்லாஹ்' என்றே எழுதுவதா, சில இடங்களில் 'இறைவன்' என்பதா? 'முஹம்மத்' என்பதா, 'முஹம்மது' என்பதா? 'ஸஹாபாக்கள்' என்பதா, 'நபித்தோழர்கள்' என்பதா? முதல் அத்தியாயத்தை மட்டும் அனுப்பி, ஆசிரியரின் ஒப்புதலைப் பெற்றபின் மற்றவற்றைத் தொடர்ந்தால் இத்தனை கேள்விகளும் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். முந்நூறு பக்கம் முடித்தபின் கேட்டால் அதுவே ஒரு மாத வேலை. நாங்கள் முந்நூறு பக்கம் முடித்தபின் கேட்டவர்கள்.

உரிமை பற்றிய பேச்சையும் நாம் வெட்கப்பட்டு விட்டுவிடுகிறோம். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியராக அல்லாமல் தனித்து எழுதித் தருபவரே பொதுவாகத் தம் எழுத்தின் முதல் உரிமையாளர். உரிமையை மாற்றிக் கொடுப்பதானால் எழுத்தில், கையொப்பத்தோடு கொடுக்கவேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் கொள்கிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இலங்கையிலும் விற்பனையாகும் தமிழ் நூலுக்கு இது சிறிய செய்தியா? கூலியோடு எல்லாம் முடிந்தது என்று பதிப்பாளர் கருதுவார். மறுபதிப்புக்கும் பங்குண்டு என்று எழுதியவர் கருதுவார். இருவரும் அதை வாய்திறந்து சொல்லமாட்டார்கள். வரிப்பிடித்தமும் அப்படித்தான். எழுத்துக்கூலி வரம்பைத் தாண்டும்போது நிறுவனங்கள் பத்து சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவதுண்டு. பேசிய தொகை பிடித்தத்துக்கு முந்தியதா பிந்தியதா என்று ஒரு வரியில் கேட்டுக்கொண்டால் பிறகு மனவருத்தம் இராது.

இதுவரை பதிப்பாளர் பக்கமே பேசினோம். எங்கள் குற்றம் ஒன்றையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது.

ஒரு ரமளானில் இதழ் ஒன்றுக்கு நீண்ட கட்டுரை தருவதாக ஏற்றிருந்தோம். பெருநாள் சிறப்பிதழுக்கானது. இருபதாம் நோன்புக்குள் தரவேண்டும். பதினைந்தாம் நோன்பன்றே முடிக்க இயலாது என்பது எங்களுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் ஒருவர் பின் ஒருவராகக் காய்ச்சலில் கிடந்தோம். ஆசிரியர் கேட்டபோதெல்லாம் "இன்ஷா அல்லாஹ், நாளை" என்று பதில் அனுப்பினோம். நான்கு நாள்கள் நான்கு 'நாளை'. பிறகு அவருடைய அழைப்பை எடுக்கவே அஞ்சினோம். வாட்ஸப்பில் நீலக் குறி விழுந்துவிடக்கூடாதே என்று செய்தியைத் திறக்காமல் வைத்திருந்தோம். இருபத்தோராம் நோன்பன்று அந்த ஆசிரியர், ஸஹருக்குப் பின் உறங்காமல் அமர்ந்து, எங்களுக்காக ஒதுக்கியிருந்த ஆறு பக்கங்களைத் தாமே எழுதி நிரப்பினார் என்று அறிந்தபோது எங்களுக்கு முகம் காட்ட இயலவில்லை.

அல்கஹ்ஃப் அத்தியாயம், நாளை இதைச் செய்வேன் என்று எதைப் பற்றியும் அல்லாஹ் நாடினால் என்று சேர்க்காமல் சொல்லவேண்டாம் என்கிறது (18:23, 24). செய்யவேண்டும் என்ற உறுதியுடையவர், தம் உறுதியும் அல்லாஹ்வின் கையில் என்பதை ஒப்புக்கொள்ளும் சொல் அது. நாங்கள் அதை, செய்யமாட்டோம் என்று தெரிந்தும் சொன்னோம். திருச்சொல்லைத் திரைச்சீலையாக்கினோம். நம்மவர் அல்லாத ஆசிரியர் ஒருவர் ஒருமுறை, "நீங்கள் இன்ஷா அல்லாஹ் என்றால் வராது என்று பொருளா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தச் சிரிப்புக்குக் காரணமானவர்களில் நாங்களும் உண்டு. பேசினால் பொய்யுரைப்பதையும், வாக்களித்தால் மாறுசெய்வதையும் நயவஞ்சகத்தின் அடையாளங்களில் சேர்த்துச் சொன்ன நபிமொழியை (புகாரி, முஸ்லிம்) மிம்பரில் கேட்கும்போது அது வேறு யாரையோ பற்றியது என்றே அதுவரை எண்ணியிருந்தோம்.

பதினைந்தாம் நோன்பன்று, "உடல்நலமில்லை, ஆறு பக்கம் இயலாது, மூன்று பக்கம் இருபதாம் நோன்புக்குள் தரமுடியும், வேண்டாமெனில் இப்போதே சொல்லிவிடுங்கள்" என்று எழுதியிருந்தால் போதும். கெட்ட செய்தியை முன்கூட்டிச் சொன்னால் அதைக் கேட்பவர் ஏதேனும் வழி தேடிக்கொள்வார். பிந்திச் சொல்வதால் அவருக்கு எஞ்சுவது கோபம் ஒன்றே.

திருத்தங்களைப் பற்றியும் சிறிது. ஆசிரியர் நம் வரிகளை வெட்டும்போது நெஞ்சு கொதிப்பது இயற்கை. ஹிஜ்ரி 6இல் ஹுதைபிய்யா உடன்படிக்கை எழுதப்பட்டபோது, 'அல்லாஹ்வின் தூதர்' என்ற சொல்லுக்குக் குறைஷியரின் பிரதிநிதி சுஹைல் இப்னு அம்ர் மறுப்புத் தெரிவித்தார். எழுதிக்கொண்டிருந்த அலீ (ரலி) அவர்களுக்கு அதை அழிக்க மனம் வரவில்லை. நபி (ஸல்) அவர்களோ அதை நீக்கி, 'அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மத்' என்று எழுதச் செய்தார்கள். வாசகத்திலிருந்து ஒரு சொல் நீங்கியது. அவர்கள் தூதர் என்ற உண்மை நீங்கவில்லை. நம் கட்டுரையில் ஓர் உவமை போனதற்கு முகநூலில் போர் தொடுப்போர் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

எனினும் பொருள் மாறும் திருத்தத்தில் வாளாவிருத்தல் அமானிதத்துக்குத் துரோகம். ஒரு கட்டுரையில் 'இவ்வறிவிப்பு பலவீனமானது எனச் சிலர் கூறுவர்' என்று நாங்கள் எழுதியிருந்தோம். இடத்தைச் சுருக்குவதற்காக 'இது பலவீனமானது' என்று திருத்தப்பட்டது. உடனே, இன்ன பத்தியில் இன்ன வரியில் பொருள் மாறியுள்ளது. அவ்வரியை இவ்வாறு சுருக்கினால் இடமும் மிஞ்சும், பொருளும் நிற்கும் என மாற்று வரியோடு எழுதினோம். பத்து நிமிடத்தில் சரிசெய்தார்கள். 'என் கட்டுரையைச் சிதைத்துவிட்டீர்கள்' என்று எழுதியிருந்தால் எந்த வரியைச் சொல்கிறோம் என்பதே அவர்களுக்கு விளங்கியிராது.

இப்போது கணினியே மொழிபெயர்த்துத் தருகிறது. அதைப் பயன்படுத்துவது கூடும், கூடாது என்று பேச இங்கு வரவில்லை. பயன்படுத்தியதைச் சொல்லாமல், கைப்பட எழுதியதற்கான கூலியை வாங்குவது மேற்சொன்ன ஹகீம் (ரலி) அவர்களின் அறிவிப்பு எச்சரிக்கும் மறைப்புத்தான் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. அவ்வாறே, வட்டிக்கடன் விளம்பரத்துக்கு எழுதமாட்டோம் என்றால் முதல் நாளே காரணத்தோடு சொல்லிவிடலாம். நேரமில்லை என்று பொய் சொல்லத் தேவையில்லை. காரணம் சொன்னபின் எங்களை மதித்து வேறு வேலை தந்தவர்கள் உண்டு. அத்தோடு நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு.

சகோதரிகளின் நிலை இன்னும் கடினம். எழுதுபவர் மனைவியாக இருக்க, கூலியைப் பேசுபவர் கணவராகவோ அண்ணனாகவோ இருக்கிறார். ஆசிரியரின் கேள்வி இருவர் வழியாகப் போய், பதில் இருவர் வழியாகத் திரும்புவதற்குள் பாதி உதிர்ந்துவிடுகிறது. பெண் பணத்தைப் பற்றிப் பேசுவது அழகன்று என்று இன்னும் பல வீடுகளில் கருதுகிறார்கள். கதீஜா (ரலி) அவர்கள் தம் சரக்கை ஷாமுக்கு அனுப்ப ஆளைத் தேர்ந்து, கூலியும் பேசிய வணிகர் என்பதை மீலாது மேடைகளில் பெருமையோடு சொல்கிறோம். வீட்டிலுள்ள பெண் தன் எழுத்துக்கான தொகையைக் கேட்டுக் கண்ணியமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் மட்டும் முகம் சுளிக்கிறோம். எங்கள் வீட்டில் இப்போது அவரவர் எழுத்துக்கு அவரவரே பேசுகிறோம். குழப்பம் பாதியாகக் குறைந்தது, சண்டையும்தான்.

இனி நம் சமுதாய அமைப்புகளிடமும் இதழ்களிடமும் ஒரு சொல். "இது தீன் பணி, கூலி அல்லாஹ்விடம்" என்ற வாசகத்தை எழுதியவர்கள் பலமுறை கேட்டிருக்கிறார்கள். முதலிலேயே அப்படிக் கேட்டால் குறையில்லை. இயன்றவர் மனமுவந்து எழுதிக் கொடுப்பார், அது ஸதக்கா. கூலி பேசி வேலை வாங்கியபின், கணக்கு அனுப்பும் நாளில் அதை ஸதக்காவாக மாற்றும் உரிமை வாங்கியவருக்கு இல்லை. வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடப் போவதாக அல்லாஹ் கூறும் ஹதீஸ் குத்ஸி புகாரியில் இருக்கிறது. அச்சகத்துக்கும் தாள்கடைக்கும் தவணை தவறாமல் கொடுத்துவிட்டு, எழுதியவரை மட்டும் பொறுமையின் சிறப்பைச் சொல்லித் திருப்பியனுப்புவோர் அதை ஒருமுறை ஓதிப்பார்க்கட்டும். பணம் இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். எந்த மாதம் இயலும் என்று சொல்லுங்கள். பதிலே வராத மௌனத்தில்தான் மனம் உடைகிறது.

அந்தப் பதிப்பாளரோடு எங்கள் பிணக்கு எப்படித் தீர்ந்தது என்று கேட்பீர்கள். மூன்று மாதம் கழித்து ஒரு ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலின் ஹவ்ளருகே நேருக்கு நேர் சந்தித்துவிட்டோம். விலகிச் செல்ல வழியில்லை. அவரே முதலில் ஸலாம் சொன்னார். அன்று மாலை அவர் கடையில் அமர்ந்து இரு கணக்கையும் மேசையில் வைத்தோம். எங்கள் எண்ணத்தில் என்ன இருந்தது, அவர் எண்ணத்தில் என்ன இருந்தது என்று முதன்முறையாக இருவரும் சொன்னோம். வேறுபட்ட தொகையில் பாதியை அவர் கொடுப்பது, பாதியை நாங்கள் விடுவது என முடிவாயிற்று. பிறரிடம் பேசிய பேச்சுக்காக ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டோம். அது 8,500 ரூபாயைவிடக் கடினமாக இருந்தது.

சென்ற மாதம் அவர் இன்னொரு நூலைக் கொண்டுவந்தார். தேநீர் குடித்தோம், துஆச் செய்தோம். அவர் வீடு சேருமுன் மின்னஞ்சல் அனுப்பிவிட்டோம்: மூலத்தின் வார்த்தைக் கணக்கு, அதன்படி மொத்தத் தொகை, முன்பணம், மூன்று ஒப்படைப்புத் தேதிகள், வசனங்களுக்கு எந்த மொழிபெயர்ப்பு, மறுபதிப்புக்கு என்ன. இரவு இஷாவுக்குப் பின் பதில் வந்தது. "எல்லாம் சம்மதம், தம்பி. இரண்டாம் தேதியை மட்டும் பத்து நாள் தள்ளிப்போடுங்கள். அன்று மகள் நிக்காஹ். நீங்களும் வரவேண்டும்."